முன்சீட்டில் ஆசாரி தூங்குகிறார்

முப்பது என்று போர்டு வைத்த ரோட்டில் முப்பதில் போகவேண்டும், அதற்குத்தான் போர்டு. நாற்பதில் போகிறவனைப் பிடித்து அபராதம் போட ஆள் இருக்கிறது. பன்னிரண்டில் ஊர்ந்து, பின்னால் வரிசைகட்டி வரும் ஐம்பது வண்டிக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறவனைக் கேட்பதற்குத்தான் நாதியில்லை. ராஜமுருகன் இதை இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். டீக்கடையில் சொல்வான், கல்யாணப் பந்தியில் சொல்வான், வேறு ஆள் அகப்படாவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு பொண்டாட்டி ஜோதிமணியிடம் சொல்வான்.

சொல்வதற்கு அவனுக்குத் தகுதி உண்டு. வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டுகிறவன். இத்தனை வருஷத்தில் அவன் பஸ் எதிலும் உரசி ஒரு கீறல் விழுந்ததில்லை. எந்த வளைவில் எந்த கியர், எந்த இடத்தில் முன்னால் போகிறவனை ஏறித் தாண்டலாம் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன் என்று டெப்போவில் பேசிக்கொள்வார்கள். இருக்கட்டுமே! அந்த மலையில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இல்லாத தலைக்கனம் வேறு எவனுக்கு இருக்கலாம்?

அப்பேர்ப்பட்டவன், பதினாறு நாளைக்கு முன்னால் அய்யம்பாளையத்தில் சொந்த வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்தான். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. கேட்டவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

விழுந்தது கூடப் பரவாயில்லை. விழுந்த நேரம்தான் சரியில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலில் அவன் தங்கச்சி தமிழ்மதியின் மகள் ஸ்வேதாவுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் ராஜமுருகன் போய்ச் சேராவிட்டால், பெரியப்பா மகன் சேனாதிபதி இருக்கிறானே, பூண்டியில் வெள்ளைப்பூண்டு வியாபாரம் பார்க்கிறவன், முறைக்கு அவனும் மாமன்தான், மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அதை நினைத்தாலே ராஜமுருகனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பஸ்ஸுல போயிரலாம். எங்க டெப்போ செல்வமுருகன் வண்டி இருக்கு, வெரசாக் கொண்டுபோயிருவான்" என்றான்.

"பதினோரு தட்டு சீரையும் பஸ்ஸுலயா ஏத்துவீக? நம்ம ஆல்டோ எதுக்கு நிக்குது? நான் ஓட்டுறேன்" என்றாள் ஜோதிமணி.

அவள் தோப்புக்கும் சந்தைக்கும் கார் ஓட்டுகிறவள். லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் மலை? ராஜமுருகன் வாயைத் திறப்பதற்குள் அவளே முடித்துவிட்டாள். "வெள்ளனே அஞ்சு மணிக்குக் கெளம்புறோம்."

"அஞ்சா? ஏழுக்குக் கெளம்புனாக்கூட நான் பத்துக்கு..."

"நீங்க ஓட்டல. நான் ஓட்டுறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் அடுத்த இடி. முன்கதவைத் திறந்து உட்காரப் போனவனை அவள் தடுத்தாள். "முன்சீட்டு ஆசாரியய்யாவுக்கு. நீங்க பின்னாடி ஏறுங்க."

"நானா? பின்னாடியா?"

"ஏன், பின்சீட்டுல முள்ளா கெடக்கு?"

பொன்னுச்சாமி ஆசாரி தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தார். எழுபது வயசு. ராஜமுருகனுக்குக் காது குத்தியவரும் அவர்தான், தமிழ்மதிக்குக் குத்தியவரும் அவர்தான். அவர் கையால் குத்தினால்தான் அந்தக் குடும்பத்துக்குத் திருப்தி. ஆனால் போன தடவை அவர் கையே சரியில்லை என்று பேராகிவிட்டது. அந்தக் கதையையும் சொல்லிவிடவேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தமிழ்மதியின் மூத்தவன் அஜித்குமாருக்கு இதே கோயிலில் காதுகுத்து. ராஜமுருகனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆசாரியைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மலையடிவாரத்துக் காட்ரோடு தாண்டியதும் முன்னால் ஒரு வெள்ளைக் கார். எந்த ஊர்க்காரனோ, முப்பது போர்டுக்கு நேராக பதினொன்றில் போனான். ஒதுங்கவும் மாட்டேன் என்கிறான், ஓரங்கட்டவும் மாட்டேன் என்கிறான். வழியில் வரும் டம் டம் பாறை வரைக்கும் அப்படியே இழுத்துக்கொண்டு போனான். முக்கால் மணி நேரம் அங்கேயே போயிற்று. ஒருவழியாக அவனைத் தாண்டியபிறகு ராஜமுருகன் ஓட்டினான் பாருங்கள் ஒரு ஓட்டு! போன நேரம் முழுவதையும் மிச்ச வளைவுகளில் பிடித்துவிட்டான். கொடைக்கானலில் பஸ்ஸை நிறுத்தி, ஜீப் பிடித்து, நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோயில் வாசலில் குதித்தான். அன்றையிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் கை கழுவமாட்டான்.

ஆனால் அன்றைக்கு ஆசாரி குத்தியது கோணலாகப் போயிற்று. இடது காது ஓட்டை ஒரு நெல் அளவு மேலே. பையன் கத்திய கத்தலில் கோயில் அதிர்ந்தது. காது பழுத்து, ஆற இரண்டு மாசம் ஆயிற்று. "ஆசாரிக்கு வயசாகிருச்சு, கை நடுங்குது" என்று முதலில் சொன்னவனே ராஜமுருகன்தான். அந்தப் பேச்சு ஆசாரி காதுக்கும் எட்டியது. இனி இந்த மலையில் கால் வைக்கமாட்டேன் என்று அவர் வீம்பாகச் சொல்லிவிட்டார். தமிழ்மதி, "பொம்பளப் புள்ளண்ணே, தோடு காலத்துக்கும் கோணலாத் தொங்கிறக் கூடாது" என்று போனில் அழுதாள். எப்படியோ ஜோதிமணி போய்ப் பேசி மனுஷனைச் சம்மதிக்க வைத்திருந்தாள். என்ன பேசினாள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கார் கிளம்பியது. ராஜமுருகன் பின்சீட்டில், மடியில் வாழைப்பழத் தட்டோடு, இரண்டு சீட்டுக்கும் நடுவே கழுத்தை நீட்டி ஸ்பீடாமீட்டரைப் பார்த்துக்கொண்டு வந்தான். காட்ரோடு வரை நாற்பது, நாற்பத்தைந்து. சரி. மலை தொடங்கியதும் முள் படுத்துவிட்டது.

பதினெட்டு.

"முப்பதுன்னு போர்டு இருக்கு" என்றான்.

"பாத்தேன்."

"அதுல போகலாம்னு அர்த்தம்."

"போகணும்னு இல்லேல்ல?"

முதல் கொண்டை ஊசி வளைவை அவள் திருப்பியது, தூளிப் பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்கிறமாதிரி இருந்தது. ராஜமுருகன் பல்லைக் கடித்தான். பின்னால் ஒரு காய்கறி வண்டி ஹாரன் அடித்தது. அந்த ஹாரன் அவனுக்குத் தெரியும்: இரண்டு சின்னது, ஒரு நீளம். ஓரங்கட்டுடா என்று அர்த்தம். மலை டிரைவர்கள் சமவெளியிலிருந்து வருகிற கீழ்நாட்டுக்காரனுக்கு அடிக்கிற ஹாரன். இருபத்திரண்டு வருஷமாக அவன் அடித்த ஹாரன். இன்றைக்கு அவன் முதுகிலேயே வந்து விழுந்தது.

ஜோதிமணி ரோடு அகலமாக இருந்த இடத்தில் ஒதுங்கி, சிக்னல் போட்டு, காய்கறி வண்டியைப் போகவிட்டாள். அடுத்த அகலத்தில் ஒரு வேனை விட்டாள். அதற்கடுத்ததில் இரண்டு மோட்டார் சைக்கிள்களை விட்டாள்.

"நாம எதுக்கு ஒதுங்கணும்? இருவத்திரெண்டு வருஷத்துல நான் எவனுக்கும் ஒதுங்குனதில்ல!"

"மெதுவாப் பேசுங்க."

"வண்டியும் மெதுவா, பேச்சும் மெதுவாவா?"

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். பயந்து சாகிறாள், வெளியே காட்டிக்கொள்ளாமல் நடிக்கிறாள் என்று அவன் முடிவு கட்டினான். மணி ஆறரை. டம் டம் பாறைகூட வரவில்லை. அவன் மனசுக்குள் சேனாதிபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

பாறையைத் தாண்டியதும், அவன் பயந்தது நடந்தது. பின்னால் பெரிய ஹாரன். திரும்பிப் பார்க்கவே வேண்டாம், செல்வமுருகன் பஸ். டெப்போவில் அவனுக்கு அடுத்த இடத்தில் இருப்பவன், என்றைக்கு இவனை ஒரு பேச்சுப் பேசலாம் என்று காத்திருப்பவன். ராஜமுருகன் சட்டென்று குனிந்து வாழைப்பழச் சீப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். ஜோதிமணி ஒதுங்கி நின்றாள். பஸ் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது.

"மதினி! வண்டில அண்ணன் இருக்காரா?"

"பின்னாடி இருக்காரு தம்பி."

அடிப்பாவி!

"எங்க, காணோமே? அண்ணே, வாழப்பழத்துக்குள்ளயா இருக்கீக? மாட்டுவண்டி தேவலாம்ணே!" பஸ்ஸே சிரித்தது. அது புகையைக் கக்கிக்கொண்டு வளைவில் மறைகிறவரை ராஜமுருகன் நிமிரவில்லை. மானம் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் டெப்போ முழுக்கத் தெரிந்துவிடும்.

ஊத்து தாண்டி, பெருமாள்மலைக்கு வரும்போது எட்டேகால். அங்கே இன்னொரு வினை. முன்னால் ஒரு பெரிய கார், நடுரோட்டில், பத்தில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே ஒருத்தர் பள்ளத்தாக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். ஜோதிமணிக்கே அது மெதுவாகப் பட்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் விளக்கைப் போட்டு அணைத்துக் காட்டினாள். அந்த ஆள் கண்டுகொள்ளவில்லை. கால் மணி நேரம் அதன் பின்னாலேயே ஊர்ந்தார்கள். ராஜமுருகனுக்கு ஏழு வருஷத்துப் பழைய வெள்ளைக் கார் ஞாபகம் வந்து ரத்தம் கொதித்தது.

"ஹாரன் அடி! ஹாரன் அடிடீங்கிறேன்!"

"அடிக்க மாட்டேன். சும்மா இருங்க, இன்னும் ரெண்டு வளைவுதான்."

ரெண்டு வளைவு என்றால்? அவன் யோசிப்பதற்குள் இரண்டாவது வளைவு முடிந்தது. எதிரே ரோடு நேராகத் திறந்து, எதிர் வண்டி வந்தால் தூரத்திலேயே தெரிகிற இடம். ஜோதிமணி கியரை இரண்டில் போட்டாள், வலது சிக்னல் போட்டாள், காலை அழுத்தினாள். ஆல்டோ பெரிய காரை ஒட்டிக்கொண்டு ஏறி, அலுங்காமல் முன்னால் வந்தது. ராஜமுருகன் வாயைப் பிளந்தான். அந்த இடம் அவனுடைய இடம். பெருமாள்மலைக்கு மேலே அவன் தாண்டுவதென்றால் அங்கேதான் தாண்டுவான், அதே இரண்டாவது கியரில்தான் தாண்டுவான்.

"அது எப்படி ஒனக்குத் தெரியும்?"

"பதினெட்டு வருஷமா ராத்திரிச் சோத்தோட அதத்தானே ஊட்டுறீங்க? எந்த வளவுல எந்த கியருன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

அவனுக்கு நெஞ்சு விம்மியது. தன் வித்தை அவள் கையில் இருக்கிறது! ஆனால் அந்தப் பெருமையை அனுபவிக்க விடாமல், தாண்டி முடித்ததும் முள் மறுபடி பதினெட்டுக்கு வந்து படுத்துக்கொண்டது.

"இப்படி ஓட்டத் தெரிஞ்சவ எதுக்குடி ஊர்ற? பயமில்லேன்னா என்னதான் ஒனக்கு?"

"உஸ்! ஆசாரியய்யா முழிச்சுக்குவாரு."

அப்போதுதான் அவன் முன்சீட்டைப் பார்த்தான். ஆசாரி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கையில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் நழுவி மடியில் கிடந்தது. இந்த மனுஷன் மலையில் தூங்கி ராஜமுருகன் பார்த்ததில்லை. நீட்டியிருந்த கழுத்தை இழுத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தான்.

கொடைக்கானலில் சந்துபொந்தெல்லாம் சுற்றுலா வண்டிகள். ஒன்பது ஆயிற்று. பூம்பாறை ரோட்டில் மேகம் இறங்கியிருந்தது. ராஜமுருகன் வாட்சைப் பார்ப்பதும் ஆசாரியைப் பார்ப்பதுமாக வந்தான். பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு ஆல்டோ கோயில் முன்னால் நின்றது. சேனாதிபதி உண்மையிலேயே மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து, மடியைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிடா! வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே ராஜமுருகன் இறங்கினான்.

அந்தச் சத்தத்தில் ஆசாரி கண்ணைத் திறந்தார். "டம் டம் பாறை வந்துருச்சா தாயி?"

"பூம்பாறையே வந்துருச்சுய்யா. எறங்குங்க."

சீர்த் தட்டுகளைப் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். ராஜமுருகன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஸ்வேதா மடியில் ஏறியதும் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தாள். அவன் இடது கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். ஆசாரி ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். இரண்டு காதிலும் புள்ளி வைத்தார். தங்கக் கம்பியை எடுத்தார். ராஜமுருகன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நடுங்கவில்லை. கல்லில் வைத்த விளக்கு மாதிரி நின்றது. சுருக்கென்று ஒன்று, பிள்ளை வீல் என்று கத்தி முடிப்பதற்குள் மற்றது. ஆசாரி ஒரு நூலை எடுத்து இரண்டு காதுக்கும் குறுக்கே பிடித்துக் காட்டினார். மயிரிழை வித்தியாசம் இல்லை. மணி பத்து பதினெட்டு.

"ஆசாரியய்யாவுக்கு வயசு திரும்புது போல!" தமிழ்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வயசு எங்கத்தா திரும்பும்? ஒங்க மதினி ஓட்டுன ஓட்டு அப்படி" என்றார் ஆசாரி. "எனக்குச் சின்ன வயசுலருந்தே மலை ஆகாது. கொடலப் பெரட்டிட்டு வந்துரும். ஒருக்க வாந்தி எடுத்தா அன்னைக்கு முழுக்கக் கை நடுங்கும். போன தடவ கவர் பத்தாம பையிலயே எடுத்தேன். அதத்தான் ஒங்க மதினிகிட்டச் சொன்னேன், வரமாட்டேன்னேன். அவ விட்டாளா? நீங்க வாந்தி எடுக்காம நான் கொண்டுபோறேன்யான்னா. இந்தப் பதினஞ்சு நாள்ல மூணு வாட்டி டம் டம் பாறை வரைக்கும் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்தா. மொத தடவ ரெண்டு வாந்தி. ரெண்டாவது தடவ ஒண்ணு. மூணாவது தடவ தூங்கிட்டேன். பதினெட்டு தாண்டுனாத்தான்யா ஒங்களுக்கு வருது, தாண்ட மாட்டேன்னு சொல்லிட்டா."

ராஜமுருகனுக்கு வண்டியில் பெட்ரோல் ஏன் அப்படிக் குறைந்தது என்று அப்போது புரிந்தது. தோப்புக்குப் போகிறேன், ரேஷனுக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பியதெல்லாம் ஞாபகம் வந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. அது புரியாமலே இருந்திருக்கலாம்.

ஆசாரி யாரையும் குற்றம் சொல்லவில்லை. பையில் என்றார், போன தடவை என்றார், அவ்வளவுதான். யாருடைய பஸ் என்று அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் யாரும் யோசிக்கவும் இல்லை. பேசாமல் இருந்தால் அப்படியே போய்விடும். ராஜமுருகன் ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தான். பிறகு அவனால் முடியவில்லை.

"ஏலே அஜித்து, இங்க வா."

எட்டு வயசு அஜித்குமார் வந்து நின்றான். ராஜமுருகன் அவன் இடது காது மடலைப் பிடித்து எல்லாருக்கும் காட்டினான். "இந்தக் காதக் கோணலாக்குனது ஆசாரி இல்ல. நான்தான். வளவுக்கு வளவு அவரப் பொரட்டி எடுத்துக் கொண்டாந்து எறக்கிவிட்டுட்டு, கை நடுங்குது, வயசாச்சுன்னு ஊரெல்லாம் நானே சொன்னேன். ஏழு வருஷமா அந்த ஓட்டத்தப் பெருமையா வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அய்யா, மன்னிச்சுக்கங்க."

ஆசாரி நூலைச் சுருட்டிக்கொண்டே, "அட, விடுப்பா" என்றார். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. ஏழு வருஷமாக அந்தப் பேச்சைச் சுமந்தவர் அவர்தானே.

"இன்னொண்ணும் சொல்லிர்றேன்" என்றான் ராஜமுருகன். குரல் தானாக உயர்ந்தது. "அய்யம்பாளையத்துலருந்து பூம்பாறை வரைக்கும் ஆசாரியத் தூங்க வச்சுக் கூட்டிட்டு வந்தது எம் பொண்டாட்டி. என்னால முடியாது. எங்க டெப்போல எவனாலயும் முடியாது."

ஜோதிமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "போதும், பந்தி போட்டாச்சு, வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். போகிற நடையிலேயே தெரிந்தது அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று.

மத்தியானம் இறக்கம். ஆசாரி முன்சீட்டில் ஏறிய ஐந்தாவது நிமிஷம் தலையைச் சாய்த்துவிட்டார். ராஜமுருகன் யாரும் சொல்லாமலே பின்கதவைத் திறந்து, ஜோதிமணிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். ஸ்பீடாமீட்டரை எட்டிப் பார்க்கவில்லை.

ஊத்துக்குக் கீழே பின்னாலிருந்து பெரிய ஹாரன். ஜோதிமணி அகலமான இடம் பார்த்து ஒதுங்கினாள். ராஜமுருகன் கண்ணாடியை இறக்கி, மாவுக்கட்டுக் கையை முழங்கை வரை வெளியே நீட்டி, போ, போ என்று வீசினான். செல்வமுருகனின் பஸ் பக்கத்தில் வந்தது. பஸ்ஸில் மூன்று ஜன்னலில் மூன்று தலைகள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன, வாயைத் துடைத்துக்கொண்டு.

"என்னண்ணே, இன்னும் இங்கனதான் கெடக்கீகளா?"

"ஆமாடா! எம் பொண்டாட்டி ஓட்டுறா. பதினெட்டுலதான் போவா. ஒன் வண்டில இன்னைக்கு எத்தன பேரு வாந்தி எடுத்தாக, எண்ணிப் பாத்தியா?"

செல்வமுருகன் கண்ணாடியில் தன் பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்த்தான். கியரை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

"எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க? அய்யா முழிச்சுக்குவாரு" என்றாள் ஜோதிமணி.

ராஜமுருகன் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டான். ஆனால் கையை மட்டும் உள்ளே இழுக்கவில்லை. காட்ரோடு வரும்வரை, பின்னால் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அவனே வழிவிட்டுக்கொண்டு வந்தான்.